ஸ்கேன் வகுப்பில் அவள் முறை

ஸ்கேன் கற்றுக்கொடுக்க ஒரு வயிறு வேண்டும். படம் போட்டுப் பாடம் நடத்தலாம், வீடியோ காட்டலாம். ஆனால் ஜெல் தடவிய தோலின் மேல் ப்ரோப் என்கிற கைக்கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் கல்லீரல் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் காணாமல் போகிறது என்பதை உயிருள்ள ஒரு வயிற்றின் மேல் செய்துபார்த்தால்தான் கை பழகும். நோயாளிகளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம், இன்னும் ஆறேழு பிள்ளைகள் பார்க்கட்டும், அப்படியே படுத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் மாணவர்களே மாறி மாறிப் படுத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றில் ரேடியாலஜி துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது என் மகள் இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. அந்த நிலையில் கூடுதலாக ஒரு வகுப்பை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்து ஏதாவது ஓர் ஊரில் தனியாக உட்காரப்போகிற பிள்ளைகள், நெடுஞ்சாலையில் அடிபட்டு வருகிறவனின் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்றாவது பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா? துறைத் தலைவரிடம் போய் நின்றேன். வியாழக்கிழமை மதியம், புறநோயாளிகள் எல்லாரும் போன பிறகு, பழைய மெஷினில் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்.

“மெஷின் ரூமை விட்டு நகரக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்க மேல பசங்க கை படவே கூடாது. ரெண்டுல எது தப்பினாலும் சீல் வெச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீயும் நானும் பதில் சொல்லிக்கினே இருக்கணும்” என்றார்.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். வேண்டிய சட்டம்தான். அதனால் பெண் பிள்ளைகளின் வகுப்பில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். படுக்கப்போகிறவளைத் தனியே கூப்பிட்டு, கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்று காதோடு கேட்பேன். அவள் காதோடு சொல்வாள். அதன் பிறகுதான் படுக்க விடுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, வகுப்பிலேயே வாயாடி, முதல் நாளே சொன்னாள்:

“மேடம், சாமி சத்தியமா ஒண்ணுமில்ல. நீங்க இப்படிக் கேட்டீங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா போதும், உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுலயே என்னை வெச்சி வெட்டிடும்.”

அந்த அறையில் ஒரு மாணவியைப் படுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கர்ப்பம் ஒன்றுதான். அதை அவர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வகுப்பில் கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி இருந்தாள். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவள். அதிகம் பேச மாட்டாள். ப்ரோப்பைப் பிடிக்கும்போது அவசரப்பட மாட்டாள். மற்றவர்கள் வயிறு முழுக்க உழுதுகொண்டிருப்பார்கள். அவள் ஓரிடத்தில் வைத்து, திரையைப் பார்த்தபடி காத்திருப்பாள். ஆனால் அவள் மட்டும் படுத்ததே இல்லை. பித்தப்பை தெரிய வேண்டுமென்றால் மதியம் சாப்பிடாமல் வர வேண்டும். கேட்கும்போதெல்லாம், “சாப்ட்டுட்டேன் மேடம்” என்பாள். ஒரு வாரம் காய்ச்சல் என்றாள். இன்னொரு வாரம் வரவே இல்லை.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“நாங்க மட்டும் பட்டினி கெடந்து வயித்தக் காட்டணும், இவங்க வந்து ஜம்முனு பாத்துட்டுப் போவாங்களா?” என்று வாயாடி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் நியாயமாகப் பட்டது. இனி முறை வைத்துப் படுக்க வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை என்று சொன்னேன். அடுத்த வியாழன் மலைப் பெண்ணின் முறை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குனிந்த தலையே கண்ணில் நின்றது. அவள் எப்போதும் போடுகிற தொளதொள சட்டை, ஒரு வாரம் வகுப்புக்கு வராமல் போனது, வயிற்றைக் காட்ட மறுப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே காரணம்தான் எனக்கும் தோன்றியது. நிஜமாகவே அப்படி இருந்து, தெரியாமல் நான் படுக்க வைத்திருந்தால்? மறுநாள் அவளை ரிப்போர்ட் எழுதும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம்” என்று ஆரம்பித்தேன். “நாள் தள்ளிப்போயிருக்கா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துப்போனது.

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் படுக்க மாட்டேங்கிறே?”

கதவைப் பார்த்தாள். பிறகு சட்டையை ஒரு பக்கமாகத் தூக்கிக் காட்டினாள்.

தொப்புளைச் சுற்றியும் வலது விலாவுக்குக் கீழேயும் தழும்புகள். விரல் நுனி அளவில், வட்டமாக, வெளிறி, நடுவில் தோல் சுருங்கியிருந்தது. அவள் வளர வளர அவையும் வயிற்றோடு விரிந்திருக்க வேண்டும்.

“கைக்கொழந்தையா இருந்தப்போ வயிறு வீங்கிப்போச்சாம். மழை. கீழ எறங்க வண்டி இல்ல. சூடு வெச்சாங்க” என்றாள். “ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல்ல ஒருத்தி பாத்துட்டா. மலையில எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பாங்களாடின்னு கேட்டா. அதுலேர்ந்து பாத்ரூம்லயே துணி மாத்திக்கறேன். அப்புறம் க்ளாஸ்ல ஒரு நாள் மூடப்பழக்கம்னு ஸ்லைடு போட்டாங்க மேடம். இதே மாதிரி ஒரு வயிறு. எல்லாரும் உச்சுக்கொட்டினாங்க. நானும் கொட்டினேன்.”

நான் பார்த்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவளும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு வாசலில் நுழையும்போது, என் கணவர் லுங்கியோடு, சட்டையில்லாமல் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வடக்கனந்தல் பக்கம் பள்ளி ஆசிரியர். அவர் தொப்புளுக்கு மேலே அதே மாதிரி இரண்டு தழும்புகள் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். சின்ன வயதில் வயிற்றுக் கட்டிக்கு வைத்தது என்று என் மாமியார் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவற்றோடு அவர் தெருக்குழாயில் குளிக்கிறார், கோயிலில் சட்டையைக் கழற்றுகிறார். ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. மலையில் மட்டும் நடப்பது போலப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டே மகளை வாங்கினேன். வாங்கியதும் அவள் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். இரண்டு நாளாகப் பால் கக்கிக்கொண்டிருந்தாள். மாந்தம் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா பாக்கறே? சூடு கீடு வெச்சிட்டேனான்னா? அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி இல்ல, வெச்சோம். இப்ப நீயே டாக்டரு, உன் கொழந்தைக்கு நான் வைப்பனா?”

“இல்ல அத்தை, வயிறு உப்புசமா இருக்கான்னு பார்த்தேன்.”

“பாரு பாரு. நல்லாப் பாரு” என்று உள்ளே போய்விட்டார். அவர் மேல் சந்தேகம் இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமைக்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். நானே படுத்துவிடுவது. என் விஷயத்திலும் சட்டம் சட்டம்தானே. பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் எனக்குச் சொல்லத் தேதி எதுவும் இல்லை. காலையில் வீட்டிலேயே சோதனை செய்து, இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மதியம் சாப்பிடவில்லை.

“இன்னைக்கு நான் படுக்கிறேன்” என்றதும் அறை கலகலத்தது. வாயாடி என் காதருகே குனிந்து, “மேடம், தலைக்கு ஊத்திக்கினது எப்போ?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேலையைத் தளர்த்திப் படுத்தபோதுதான் கூச்சமாக இருந்தது. பிரசவத்தில் விழுந்த கோடுகள், ஆபரேஷன் தையல், இன்னும் உள்ளே போகாத வயிறு. ஜெல் குளிர்ந்தது. இத்தனை நாள் இவர்களைப் படுக்கச் சொன்னேனே, ஒரு நாளாவது இப்படிப் படுத்துப் பார்த்தேனா என்று நினைத்தேன். கூரையைப் பார்த்தபடியே, கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் உள்ள அந்த வெள்ளைக் கோட்டைத் தேடச் சொன்னேன். அடிபட்டவனுக்கு ரத்தம் முதலில் அங்கேதான் கறுப்பாகத் தேங்கும்.

“மேடத்துக்குக் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். முடிந்து நான் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாயாடி கேட்டாள்:

“மேடம், இன்னைக்கு அவ முறைதானே?”

“அவ வேண்டாம். அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

எல்லாருடைய கண்ணும் மலைப் பெண்ணின் வயிற்றுக்குப் போயிற்று. என்ன செய்துவிட்டேன் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை அவள் என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“ஹாஸ்டல் முழுக்க நான் மாசமா இருக்கேன்னு பேசிக்கினு இருக்காங்க மேடம். மெஸ்ல எனக்கு மாங்கா ஊறுகா எடுத்து வைக்கிறாங்க. வார்டன் கூப்ட்டு விசாரிச்சாங்க. இல்லன்னு சொன்னேன். அப்போ மேடம் ஏன் உன்ன மட்டும் விட்டாங்கன்னு கேக்கறாங்க. எங்கப்பாவுக்கு போன் பண்றேன்னு சொல்றாங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உடனே விடுதிக்குப் போனேன். வார்டன் என்னை விட வயதில் மூத்தவர்.

“அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒண்ணும் இல்லைங்க. எனக்குத் தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சா சரி மேடம். அப்போ அவளை மட்டும் ஏன் விட்டீங்க?”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். “அது வேற காரணம்” என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. வார்டன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நீங்க மறைக்கிறீங்க. உங்க நல்ல மனசு. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் மாட்டுவேன். அப்பாகிட்ட சொல்லிடறதுதான் முறை” என்றார்.

திரும்பி வந்து அவளிடம், ஒரு டெஸ்ட் எடுத்து வார்டனிடம் காட்டிவிடலாமா என்று கேட்டேன்.

“காட்டினா, கலைச்சிட்டு வந்து காட்டறான்னு சொல்வாங்க” என்றாள். பிறகு, “ஏன் விட்டீங்கன்னுதானே எல்லாரும் கேக்கறாங்க? வியாழக்கிழமை நான் படுக்கிறேன் மேடம்” என்றாள்.

“வேண்டாம். வேற ஏதாவது யோசிக்கலாம்.”

“நீங்க யோசிச்சதுலதான் மேடம் இப்படி ஆச்சு.”

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்த மூன்று நாளும் வகுப்பையே ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன். ரத்து செய்தால் அதற்கும் அவள்தான் காரணம் என்பார்கள். எதைச் செய்தாலும் அவள் மேல்தான் போய் விழும் போல இருந்தது. மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஸ்பூனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பேன். குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

வியாழன் எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கமாகப் பிந்தி வருகிறவர்கள்கூட முன்னதாகவே நின்றார்கள். அவளைத் தனியே கூப்பிடுவதற்காக நான் எழுந்தேன். அவள் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி, தேதியைச் சொன்னாள். போன சனிக்கிழமை. பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டையை மேலே இழுத்துவிட்டாள்.

முதலில் ப்ரோப் பிடிக்க வேண்டியவள் வாயாடி. ஜெல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“இது இன்னாடி?”

“சூடு. கொழந்தையில வெச்சது.”

“ஐயோ” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“ஐயோன்னா லிவர் தெரியுமா? ஜெல்லப் போடு.”

வாயாடி ப்ரோப்பை வைத்தாள். தழும்பின் மேல் படாமல் சுற்றிச் சுற்றிப் போனாள். திரையில் ஒன்றும் தெரியவில்லை.

“அது மேலயே வை. வலிக்காது. அழுத்து.”

அழுத்தினாள். கல்லீரல் தெரிந்தது. சீராக, சாம்பல் நிறத்தில், ஒரு குறையும் இல்லாமல். நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதுக்காடி மேடம் உன்ன விட்டாங்க?” என்று வாயாடி மெதுவாகக் கேட்டாள்.

“இதுக்குத்தான்.”

“நான்தான்டி மொதல்ல சொன்னேன். மாசம்னு.”

“தெரியும். கிட்னியக் காட்டு.”

ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஜோக் அடிக்கவில்லை. அவ்வளவு அமைதியான வகுப்பை நான் நடத்தியதில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. இவள் தானாகப் படுத்தாளா, இல்லை நான் ஒவ்வொரு பக்கமாக அடைத்து அடைத்து இவளைக் கட்டில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேனா? முறை வைத்தது நான். சந்தேகப்பட்டது நான். காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியதும் நான். இனி விடுதியில் கர்ப்பம் என்று பேச மாட்டார்கள். வேறொன்றைப் பேசுவார்கள். எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் வயிற்றைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது, அட்டெண்டர் கதவைத் தட்டி, அவளுடைய அப்பா வந்திருப்பதாகச் சொன்னார். வார்டன் முந்தைய நாளே போன் செய்துவிட்டார் போலிருக்கிறது.

இருவரும் வெளியே போனோம். நடைபாதை ஓரத்தில், கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விடுதிக்குப் போயிருக்கிறார், அங்கிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவரிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

“இன்னா கண்ணு ஆச்சி? உடம்பு சரியில்ல, வந்து பாருங்கன்னாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்.”

அவர் நம்பவில்லை. என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்க நெஜம் சொல்லுங்க மேடம். புள்ளைக்கு உடம்புக்கு இன்னா?”

“ஒரு குறையும் இல்லைங்க. இப்பத்தான் ஸ்கேன்ல நானே பார்த்தேன். எல்லாம் நல்லா இருக்கு” என்றேன். அந்த இரண்டு வாரத்தில் நான் தயங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

அவர் முகம் தளர்ந்தது. “வயிறுன்னாலே எங்களுக்குப் பயம்ங்க. சின்னதுல ஒரு தடவ, இது தங்காதுன்னே நெனச்சிட்டோம். மழையில இவங்கம்மா மடியில வெச்சிக்கினு…”

“அப்பா” என்றாள் அவள். அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவர், “ரெண்டு நாள் வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேங்க மேடம். நல்லா சாப்ட்டுட்டு வரட்டும். நீங்க சரின்னா கூட்டிக்கினு போறேன், இல்லன்னா விட்டுட்டுப் போறேன்” என்றார்.

போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பேச்சுகள் அடங்கும்வரை வீட்டிலேயே இருப்பது நல்லது. உடனேயே, இப்போது அப்பாவோடு கிளம்பிப் போனால் அதையும் ஒரு கதையாக்குவார்கள் என்றும் தோன்றியது. இருக்கட்டும் என்று சொன்னால், அந்த விடுதியில் இன்று ராத்திரி சாப்பாட்டு வரிசையில் அவள்தானே நிற்க வேண்டும், நானா நிற்கப்போகிறேன்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்க்கவில்லை.

“அவளையே கேளுங்க” என்றேன்.

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அப்பாவின் கையிலிருந்து துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நான் வரலப்பா. போய் ஏதாவது சாப்டலாம் வா. உன்ன பஸ் ஏத்திட்டு வரேன்” என்றாள்.

இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். நான் திரும்பிப் போய், மற்றவர்களை அனுப்பிவிட்டு ஸ்கேன் அறையைப் பூட்டினேன்.